138 டாலருக்கு உளவியல்

கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அங்கே வேலை பார்ப்பவரின் மனைவிக்குத் தரும் ஹெச்-4 விசா, வேலைக்குப் போக வழியில்லை. காலையில் பள்ளிக்குப் போகும் பையன் மூன்று மணிக்குத்தான் வருவான். மாடி வீட்டுத் தெலுங்கு அக்காதான் ஒருநாள், "கம்யூனிட்டி காலேஜில் ஏதாவது ஒரு வகுப்பு எடேன்" என்றார். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய உள்ளூர் அரசுக் கல்லூரி அது. படிப்பதற்கு இந்த விசாவில் தடையில்லை. மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்ததாகச் சான்று காட்டினால் உள்ளூர்க் கட்டணம், யூனிட்டுக்கு 46 டாலர். ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்பதற்கான அளவுதான் யூனிட். வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அறிமுக உளவியல் மூன்று யூனிட். 138 டாலர், அப்புறம் சில்லறைக் கட்டணங்கள். நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப் எதுவும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குக்காக வீட்டில் வாங்கிய பேச்சை நினைத்தால் எரிச்சல்தான் வந்தது.

ஆனால் வகுப்பு நிறைந்துவிட்டது, நான் காத்திருப்போர் பட்டியலில் நாலாவது. முதல் நாள் போய் உட்காருங்கள், வராதவர்களின் இடம் காலியாகும் என்று அக்கா சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. பேராசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் சேர்க்கை எண்ணை எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் பதினாறு வயதுப் பெண், பள்ளியில் படித்துக்கொண்டே இங்கும் வருகிறாள். முன்வரிசையில் ராணுவத்திலிருந்து வந்த ஒருவர். இரவு ஷிஃப்ட் முடித்து, மருத்துவமனை உடையிலேயே வந்து உட்காரும் ஒரு அம்மா. நர்ஸிங் சேர அவருக்கு இந்தப் பாடம் வேண்டுமாம். எல்லோரும் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். எனக்குக் கடைசிவரை அது வாயில் வரவில்லை, மேடம்தான்.

பாடப்புத்தகத்துக்குச் செலவில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பு வெளியிட்டிருக்கும் உளவியல் புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் என்பவர் உளவியல் ஆய்வகம் தொடங்கியதிலிருந்து பாவ்லோவின் நாய்ச் சோதனை வரை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு நாலு தடவை படித்தேன். இன்ஜினியரிங் பாஸ் செய்த அதே வித்தை.

பரீட்சைக்கு விடைத்தாளை நாமே வாங்கிப் போக வேண்டும். ஸ்கான்ட்ரான் என்று சொல்கிறார்கள். புத்தகக் கடையில் விற்கும் நீளமான தாள், அதில் பென்சிலால் கட்டத்தை நிரப்ப வேண்டும். 50 கேள்வி. எனக்கு 31.

தப்பாகப் போன ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. சீட் பெல்ட் போடும்வரை கார் கீங் கீங் என்று கத்துகிறது, போட்டதும் நிற்கிறது. இது என்ன? 'தண்டனை' என்று நிரப்பியிருந்தேன். விடை, எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை என்றால் ஏதோ கெட்டது என்றுதான் நாலு தடவையும் படித்திருக்கிறேன். அது வெறும் கழித்தல் குறி. தொல்லை ஒன்று விலகுவதால் ஒரு பழக்கம் வலுப்படுகிறது, அவ்வளவுதான். கடையில் பையன் அழுகிறான், சாக்லேட் வாங்கித் தருகிறேன், அழுகை நிற்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வாங்கித் தருகிறேன். யார் யாரைப் பழக்கியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

வெட்கத்தை விட்டு மேடத்தின் அறைக்குப் போனேன். "எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டார். நாலு தடவை என்றேன் பெருமையாக. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவி முடித்ததும் பையனின் பழைய வீட்டுப்பாடத் தாள்களின் பின்பக்கத்தில், புத்தகத்தைத் திறக்காமல் எழுதுவேன். முதல் வாரம் அரைப் பக்கம்கூட வரவில்லை. படித்த மாதிரியே இல்லை, அவமானமாக இருந்தது. இரண்டாவது பரீட்சையில் 43.

எனக்கு மிகவும் பிடித்தது நினைவாற்றல் பாடம். 1974-இல் லாஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'நொறுங்க மோதின' என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல். 'தொட்டன' என்று கேட்டால் 31.8. இன்னொரு குழுவுக்கும் இதேபோலப் படம் காட்டிக் கேள்வி கேட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி வரவழைத்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

அன்று இரவு ஊரில் இருக்கும் என் சொந்த அக்காவுக்கு ஃபோன் செய்தேன். மன்னார்குடியில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது ஹரித்ராநதித் தெப்பக்குளத்துப் படித்துறையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது நான் என்பது என் நினைவு. மூக்கில் தண்ணீர் ஏறியதுகூட ஞாபகம். அக்கா, "விழுந்தது நான்டி, நீ மேலே நின்னு அழுதே" என்றாள். அரைமணி நேரச் சண்டைக்குப் பிறகு ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேரும் இல்ல. எதிர்வீட்டுப் பையன்ல விழுந்தான்?"

அம்மாவின் நினைவை மட்டும் எதற்கு நம்ப வேண்டும் என்ற கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் 'பி' கிரேடு வந்தது. அடுத்த செமஸ்டருக்குப் புள்ளியியல் பதிந்திருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது.