பனிக்காலத்து முதலுதவி

முதலுதவிப் பயிற்சியை நான் எடுத்தது கோயம்புத்தூரில், ஏப்ரல் மாதத்தில். அரங்கில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. சொன்னால் சிரிப்பீர்கள், இன்றுவரை அந்த வித்தையை ஒரு மனிதர் மேல் காட்ட நேரவில்லை. நேராமலே இருக்கட்டும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்த நேரத்தில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யாருக்காவது அடிபட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கவாத்துக் கத்தி வெட்டு, குளவிக் கடி, வழுக்கி விழுந்த கால். துணியை வைத்து அழுத்திப் பிடிப்பேன், 108-க்குப் போன் போடுவேன், வண்டி வளைந்து வளைந்து மேலே ஏறி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

போன ஜனவரியில் ஒரு காலை. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நாலு வயசுப் பையன், குளிக்க வைத்திருந்த வெந்நீரைக் கையில் கவிழ்த்துக்கொண்டான். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெந்த தோலுக்கு அந்த ஆறு டிகிரி வித்தியாசமெல்லாம் தெரியாது. நான் போகும்போது அத்தை கையில் பேஸ்ட் டியூப், மூடி திறந்தபடி. முதல் வேலையாக அதை வாங்கி ஜன்னலில் வைத்தேன். வீங்குவதற்குள் மணிக்கட்டு வெள்ளிக்காப்பைக் கழற்றினேன். கையைக் குழாயடியில் பிடித்தேன். 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர் என்று படித்திருந்தேன், போனில் மணி பார்த்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, இந்தக் குளிருல பச்சத்தண்ணியா? புள்ளைக்கு ஜன்னி வந்துரும்ப்பா!" பாட்டி விடவில்லை.

அதெல்லாம் வராது பாட்டி என்று சொல்லிக்கொண்டே ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டேன். அப்புறம்தான் பையன் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பாட்டி சொன்னதில் பாதி சரி. 'மற்ற உடம்பைக் கதகதப்பாக வைக்கவும்' என்று பயிற்சியில் ஒரு வரி சொன்னார்கள். ஏப்ரல் வெயிலில் அதை யார் கவனித்தது? ஈரச் சட்டையைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, பாட்டி மடியிலேயே உட்கார வைத்தோம். கை மட்டும் கம்பளிக்கு வெளியே, குழாயடியில் நீட்டிக்கொண்டிருந்தது. திட்டுவது நின்றது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான வேட்டித்துணியால் தளர்வாக மூடி, பக்கத்து வீட்டு ஜீப்பிலேயே அனுப்பினோம். கை ஆறிவிட்டது. மாரியாத்தா காப்பாற்றினாள் என்கிறார் பாட்டி. சரி, இருக்கட்டும்.

அன்று கம்பளி எடுக்க உள்ளே போனபோதுதான் அந்த இரும்புச் சட்டி கண்ணில் பட்டது. ராத்திரிக் குளிருக்கு வைத்த கரிக்கங்கு, இன்னும் சூடு இருந்தது. ஜன்னல் சந்தில் சாக்கு அடைத்திருந்தது. "காலைல எழுந்தா தலை பாரமா இருக்கு, பனி புடிச்சிருச்சு" என்று இங்கே பலர் சொல்வது எனக்குப் பனி என்று தோன்றவில்லை. கரிப்புகைக்கு மணமில்லாத ஒரு விஷம் உண்டு. மூடிய அறையில் தூங்குகிறவர் அப்படியே போய்விடுவார். சட்டியை வெளியே வைத்துவிட்டு, பாட்டியிடம் விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டினார்.

நாலு நாள் கழித்துப் பையனைப் பார்க்கப் போனேன். சட்டி மறுபடியும் உள்ளே இருந்தது. ஜன்னலில் அடைத்த சாக்கை மட்டும் எடுத்திருந்தார்.