சூடானா மட்டும் ஸ்டார்ட் ஆகாத 6 வோல்ட் ஜீப்

எங்கிட்ட இருக்கறது வில்லிஸ் எம்பி, ரெண்டாம் உலகப்போர் டைம்ல பர்மாவுக்கு வந்த டைப். ரங்கூன்ல இப்ப இதுல ஒழுங்கா ஓடுறது கொஞ்சந்தான், 2011ல பழைய வண்டிய ஒப்படைச்சா புது வண்டி இம்போர்ட் பண்ண பெர்மிட்னு கவர்மென்ட் ஸ்கீம் போட்டப்ப ஏகப்பட்ட பழசு ஸ்கிராப்புக்கு போயிருச்சு, தின்ஜான் தண்ணி விளையாட்டு வந்தாதான் எல்லாருக்கும் ஓப்பன் ஜீப் ஞாபகமே வரும். சரி, விஷயத்துக்கு வரேன்.

காலையில சோக் இழுத்து ஃபுட் ஸ்விட்ச்ச மிதிச்சா உடனே எடுத்துரும். நல்லா ஓடி சூடானதும் ஒரு டீ குடிக்கற நேரம் ஆஃப் பண்ணிட்டு மறுபடி மிதிச்சா செல்ஃப் உர்ர்ர்... உர்ர்ர்னு முனகும், எஞ்சின் சுத்தும், ஆனா பத்தாது. முக்கா மணி நேரம் நிழல்ல விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஏப்ரல் வெயில்ல இது ரொம்ப மோசம்.

யார கேட்டாலும் ஒரே பதில், ஏர் லாக், அதாவது சூட்டுல பெட்ரோல் ஆவியாகி லைன்ல அடைச்சுக்கறது. ஈரத்துணிய எடுத்து பெட்ரோல் பம்ப் மேல சுத்துங்கறாங்க, சுத்தினா ஸ்டார்ட்டும் ஆகுது, அதனால எல்லாரும் அத நம்பிட்டாங்க. எனக்கு அதுல ஒரு சந்தேகம். துணி தேடி, தண்ணி வாங்கி, நனைச்சு சுத்தி முடிக்கறதுக்குள்ள காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்ட ஏத்தி குடுக்கறது), செல்ஃப், பேட்டரி, கேபிள் எல்லாமே சேர்ந்துதான ஆறுது, அப்ப எது ஆறினதால எடுத்துச்சுன்னு எப்படி சொல்றது? அதனால அடுத்த தடவை துணிய பம்ப்ல போட்ட கையோட மிதிச்சு பாத்தேன், எடுக்கல. கார்புரேட்டருக்கு போற லைன கழட்டிட்டு சுத்த விட்டா பெட்ரோல் நுரை இல்லாம விட்டு விட்டு நல்லாவே அடிக்குது. ஏர் லாக்னா அங்க காத்துதான் வரணும்.

பிளக்க கழட்டினா கருப்பா ஈரமா இருந்துச்சு. இந்த எஞ்சின்ல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு மேனிஃபோல்டும் (பெட்ரோல் உள்ள போற குழாய், புகை வெளிய போற குழாய்) ஒரே பக்கம், ஆஃப் பண்ணதும் கீழ இருந்து ஏறுற சூட்டுல கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கற பெட்ரோல் கொதிச்சு மேனிஃபோல்டுக்குள்ள இறங்கிரும். ஸோ பெட்ரோல் கம்மி இல்ல, ஜாஸ்தி. ஆனா அது எல்லா வில்லிஸ்லயும் கொஞ்சம் இருக்கறதுதான், நல்ல ஸ்பார்க் இருந்தா அதையும் தாண்டி எடுக்கணும். கண்டன்சர் மாத்தி பாத்தாச்சு, பாயின்ட் இடைவெளி 0.020 இன்ச், பிளக் இடைவெளி 0.030, ரெண்டும் சரியா இருக்கு, சூட்டுல ஸ்பார்க் மட்டும் மஞ்சளா சோனியா வருது. காயில் போச்சுன்னு ஒரு கடையில புதுசு எடுத்து வச்சு விலையும் சொல்லிட்டாங்க.

தன்லின் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு டீக்கடை வாசல்ல இதே கதையா நிக்கறப்ப, முன்னாடி லாரி ஓட்டின நம்மாளு ஒருத்தர், நல்ல வயசு, வந்து எட்டி பாத்துட்டு "தம்பி, ஹேண்டில் வச்சிருக்கீங்களா"ன்னார், முன்னாடி சொருகி எஞ்சின கையால சுத்தற கம்பிய சொல்றார். இருக்கு ஐயா, ஆனா செல்ஃப் சுத்துதேன்னேன். "சுத்துறது வேற, போட்டு பாருங்க"ன்னார். நியூட்ரல்ல போட்டு, கட்டை விரல மத்த விரலோட ஒரே பக்கமா வச்சு (சுத்தி பிடிச்சா எதிர் அடி அடிக்கறப்ப விரல் முறிஞ்சிரும்), கீழ இருந்து மேல ஒரே இழு. கம்ப்ரஷன் 6.48க்கு 1 தான், கையாலயே தாராளமா சுத்தலாம். அரை சுத்துதான் போயிருக்கும், பிடிச்சிருச்சு!

அதே சூடு, அதே பெட்ரோல், அதே காயில், அதே கண்டன்சர், செல்ஃப் மட்டும் வேலை செய்யல. அப்ப செல்ஃப் சுத்தறப்பதான் ஸ்பார்க் சாகுது.

வீட்டுக்கு வந்து நல்லா சூடாக்கிட்டு, காயில்ல இருந்து வர்ற தடி ஒயர கழட்டி எர்த்ல வச்சிட்டு (ஸ்டார்ட் ஆகாம இருக்க), மீட்டர பிடிச்சிட்டு தம்பிய மிதிக்க சொன்னேன். பேட்டரி முனையில 5.1 வோல்ட், அது பரவால்ல. பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஃபுட் ஸ்விட்ச் வரைக்கும் கேபிள்ல மட்டும் 0.5 விழுது. எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.9. மொத்தம் 1.4 வழியிலயே போச்சு, காயிலுக்கு கிடைக்கறது 3.7. சூட்டுல காயிலோட ரெசிஸ்டன்ஸும் ஏறியிருக்கும், காப்பருக்கு 10 டிகிரிக்கு கிட்டத்தட்ட 4 சதவீதம். ஆறின பிறகு அதே டெஸ்ட் பண்ணா 0.8 தான் விழுது, காலையில எடுக்கறதுக்கு காரணம் அதுதான்.

கேபிள உரிச்சு பாத்தா 12 வோல்ட் காருக்கு போடற ஒல்லி சைஸ், எனக்கு முன்னாடி யாரோ போட்டது. 6 வோல்ட்ல அதே வேலைக்கு ரெண்டு மடங்கு ஆம்பியர் போகும், அதே ஒயர்ல ரெண்டு மடங்கு வோல்ட் விழும், அதுவும் 12ல இருந்து இல்ல, வெறும் 6ல இருந்து விழும். எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல உக்காந்திருக்கறதால சேஸிஸுக்கு தனியா எர்த் பட்டை வேணும், என் வண்டியில அந்த பட்டை பெயின்ட்டுக்கு மேல போல்ட் போட்டு, பின்னல்ல பாதி பச்சை பூத்து கையில உதிருது.

வெல்டிங் கடைக்கு போயி நல்ல தடி வெல்டிங் கேபிள் வெட்டி வாங்கினேன், முனைக்கு காப்பர் லக் வச்சு அழுத்தி ஈயமும் ஊத்தியாச்சு. சேஸிஸ்ல பெயின்ட்ட சுரண்டி வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் தேச்சு புது பட்டை போட்டு மேல வாசலின் தடவினேன். ஃபுட் ஸ்விட்ச் உள்ள காண்டாக்ட் கருகியிருந்துச்சு, அதையும் உரசி எடுத்தேன். இப்ப சூட்டுல ரெண்டு பக்கமும் சேர்ந்து 0.4 தான் விழுது, ஸ்பார்க் நீலமா டப்புனு அடிக்குது. அந்த காயில நான் வாங்கவே இல்ல.

12 வோல்ட்டுக்கு மாத்திருன்னு சொல்றவங்க நிறைய. மாத்தினா இந்த கெட்ட எர்த்தோடவே கூட எடுத்திருக்கும், கெட்டது அப்படியே உள்ள இருந்திருக்கும், அதோட செல்ஃப் பல்லு ஃப்ளைவீல் ரிங்க பலமா வேற அடிக்கும். எனக்கு அதுல இஷ்டமில்ல.

பெட்ரோல் கொதிக்கறது மட்டும் இன்னும் இருக்கு, ரொம்ப வெயில்ல நிறுத்தி எடுத்தா வாசனை வரும். அதுக்கு ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சு அப்படியே வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணணும், விட்டு விட்டு மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் கார்ட்டர் கார்புரேட்டர்ல இருக்கற பம்ப் இன்னும் பெட்ரோல உள்ள பீச்சும். தம்பிக்கு அத சொல்லி சொல்லி வாய் வலிக்குது.