சுனாமி எத்தனையாவது எக்காளம்?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வீட்டுக்கூட்டங்களில் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. அதில் ஏழு முத்திரை உடைக்கப்படுகிறது, ஏழு எக்காளம் ஊதப்படுகிறது, ஏழு கலசம் ஊற்றப்படுகிறது; அவற்றோடு பெரும்பாலும் வாதைகள், அதாவது பேரழிவுகள், வருகின்றன (கீழே வெறும் எண்கள் அந்தப் புத்தகத்தின் அதிகாரமும் வசனமும்). 2004 சுனாமி, கொரோனா, வயலில் அறக்கொட்டிப் பூச்சி, எல்லாவற்றுக்கும் ஒரு எக்காளமோ கலசமோ தேடுவார்கள். தேடுவதற்கு முன் வசனத்திடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: வாதை யார்மேல் விழுகிறது? எவ்வளவு பங்கு?

பங்கைப் பார்ப்பது சுலபம். நாலாம் முத்திரையில் பூமியின் காற்பங்கு (6:8). முதல் நாலு எக்காளங்களில் மூன்றிலொரு பங்கு: மரங்கள், கடல், கப்பல்கள், ஆறுகள், சூரியன் (8:7-12). கலசங்களில் பங்குக் கணக்கே இல்லை. கடலிலுள்ள உயிரெல்லாம் மாண்டுபோகிறது (16:3).

யார்மேல் என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஐந்தாம் எக்காளத்து வெட்டுக்கிளிகளுக்குப் புல்லையும் பயிரையும் தொடக்கூடாதென்று கட்டளை. நெற்றியில் தேவனுடைய முத்திரை இல்லாத மனிதரை மட்டும், அதுவும் கொல்லாமல், ஐந்து மாதம் வேதனைப்படுத்தலாம் (9:4-5). பெரும்போக வேளாண்மையைத் தின்னும் பூச்சி அந்த வெட்டுக்கிளி ஆகாது. முதலாம் கலசத்துப் புண் மிருகத்தின் முத்திரையைத் தரித்து அதன் சொரூபத்தை வணங்கினவர்களுக்கே வருகிறது (16:2). தடுப்பூசியை அந்த முத்திரை என்றவர்கள் 'வணங்கினவர்கள்' என்ற பாதியை வாசிக்கவில்லை.

சுனாமிக்கு வருவோம். இரண்டாம் எக்காளத்தில் கடல் இரத்தமாகிறது. அலை எழும்பி ஊரை அடித்ததாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஆலயம் போனவரா, போகாதவரா என்று கடல் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட சாவுகளுக்கு எடுக்க வேண்டிய இடம் லூக்கா 13:4: சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே சொல்கிறார். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டவர்களையும் எந்தக் கலசத்தின் கீழும் எழுத முடியாது. கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்" என்று கேட்கும் ஐந்தாம் முத்திரையின் பக்கத்தில்தான் அவர்கள் நிற்பார்கள் (6:9-11). ஏழு முத்திரையையும் தண்டனை என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் இந்த ஐந்தாவதை என்ன செய்வார்களோ தெரியவில்லை.

படிப்பிக்கிறவர்கள் ஒரு டிமை பேப்பரில் (பெரிய தாளில்) மூன்று நிரல் கீறி எக்காளம், கலசம், எகிப்தின் வாதை என்று எழுதி யாத்திராகமம் 7-12உடன் ஒப்பிட்டால் பாதி வேலை முடியும். வரிசை எண்ணை ஒட்டிப் பொருத்தாதீர்கள், குழம்பும். எகிப்தில் ஆறாவதாக வந்த கொப்புளம் இங்கே முதல் கலசம். கல்மழை எகிப்தில் ஏழாவது; இங்கே முதல் எக்காளத்திலும் கடைசிக் கலசத்திலும் வருகிறது. தவளை ஆறாம் கலசத்தில், ஆனால் தவளைக்கு ஒப்பான அசுத்த ஆவிகளாக. பேன், வண்டு, தலைச்சன் சாவு ஆகியவற்றுக்கு இங்கே சோடி கிடையாது. சூரியன் தகிக்கும் நாலாம் கலசத்துக்கு எகிப்தில் சோடி கிடையாது. வெறும் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.

முத்திரை, எக்காளம், கலசம் என்ற மூன்று ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக வருமா, ஒரே காலத்தை மூன்று தரம் காட்டுகிறதா? இங்குள்ள பெந்தெகொஸ்தே சபைகளில் முதலாவதையே அதிகம் கேட்கலாம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு விளக்கவுரையை எழுதிய விக்டோரினுஸ் (3ஆம் நூற்றாண்டு) இரண்டாவதைச் சொன்னார். வசனத்திலும் அதற்கு இடமுண்டு. ஆறாம் முத்திரையில் நட்சத்திரங்கள் விழுந்து வானம் சுருட்டப்படுகிறது (6:13-14). நாலாம் எக்காளத்தில் அதே நட்சத்திரங்களில் மூன்றிலொரு பங்கு இருளடைகிறது. ஒன்றன்பின் ஒன்று என்கிற வரிசைக்காரரும் சும்மா இருக்கமாட்டார்கள்: கலசங்கள் "கடைசியான ஏழு வாதைகள்" என்று 15:1 சொல்கிறதே என்பார்கள். அது பலமான வாதம்தான். ஆனாலும் மூன்று வரிசையின் முடிவிலும் இடி, மின்னல், பூமியதிர்ச்சி வருவதையும் (8:5, 11:19, 16:18), இரண்டாவதில் கல்மழை சேர்ந்து மூன்றாவதில் அது ஒரு தாலந்து (பழைய எடை அளவு) நிறையாகப் பெருப்பதையும் பார்க்கும்போது விக்டோரினுஸ் பக்கமே சாயத் தோன்றுகிறது.

இவற்றை விளக்கும் அட்டவணை ஒன்றை வாங்குவதானால் 10:4ஐ வைத்துச் சோதியுங்கள். ஏழு இடிமுழக்கங்கள் சொன்னதை எழுதாதே என்று தரிசனத்தைக் கண்டு எழுதிய யோவானுக்கே கட்டளை. அந்த ஏழு இடிமுழக்கங்களையும் யாராவது நிரப்பி வைத்திருந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.