வெதுவெதுப்பாக வந்த குழாய்

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்காவது ஆண்டு. மார்கழி மாதம். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவின் ரத்தம் காலையில் வந்தது. ரத்த அணுக்களை எண்ணும் அனலைசர் இயந்திரம் கொடுத்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஹீமோகுளோபின் 8.2. சிவப்பணுக்களோ மைக்ரோலிட்டருக்கு 13 லட்சம்தான். எம்.சி.எச்.சி., அதாவது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி, 53 என்று வந்திருந்தது. அது 36-ஐத் தாண்டினாலே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். 53 அளவுக்கு ஹீமோகுளோபினை ஒரு சிவப்பணுவுக்குள் அடைக்கவே முடியாது.

குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். உட்சுவரில் ரவை ஒட்டியது போலச் சிறுசிறு திரள்கள். 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து எடுத்தபோது ரவை கரைந்து, ரத்தம் வழுவழுப்பாக ஓடியது. மறுபடி ஓட்டினேன். சிவப்பணு 26 லட்சம், எம்.சி.எச்.சி. 33. ஹீமோகுளோபின் மட்டும் அதே 8.2. குளிர்ந்தால் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், அந்த அம்மாவுக்கு இருந்தது. கோல்டு அக்ளூட்டினின் என்போம். காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி நீலமாகிறது என்று அவர் சொன்னதாகக் கோரிக்கைச் சீட்டில் மருத்துவர் எழுதியிருந்தார்.

அடுத்து நான் செய்தது பிழை. ரத்தப் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிக்கும் எலக்ட்ரோபோரேசிஸ் சோதனைக்கு வந்த அவருடைய இன்னொரு குழாயை, ஏசி அறையில் மற்றக் குழாய்களோடு ரேக்கில் நிறுத்திவிட்டு, வெகு நேரம் கழித்து, உறைந்த கட்டியை ஒதுக்கி, மேலே நின்ற தெளிநீரான சீரத்தைப் பிரித்தேன். ஜெல்லில் எதிர்ப்பொருள்கள் வந்து சேரும் காமா பகுதியில் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு நிழல். ஒரே எதிர்ப்பொருள் மிகுந்தால் தெரியும் பட்டை இல்லை என்று எழுதப் போனேன்.

"ரத்தத்தை எங்கே வைத்திருந்தாய், தம்பி?" என்று கேட்டார் எங்கள் மூத்த டெக்னீஷியன்.

"ரேக்கில்தான், அக்கா."

"அப்படியானால் நீ தேடுவது சீரத்தில் இருக்காது. குளிர்ந்ததும் அது தன் சிவப்பணுவைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நீ ஒதுக்கி வைத்த கட்டியில்தான் இருக்கிறது."

மறுநாள் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னோம். வெந்நீர் பிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்து, சூடு ஆறாமல் பிரித்தோம். காமா பகுதியில் பேனாவால் கோடு இழுத்தது போல ஒரு பட்டை. ஐ.ஜி.எம். கப்பா என்னும் வகை. எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுவான பி செல் ஒன்றின் வாரிசுகள் மட்டும் பெருகி, ஒரே அச்சில் வார்த்துத் தள்ளிய எதிர்ப்பொருள்.

அதுவரை நூற்றுக்கணக்கான பட்டைகளைப் பார்த்திருந்தேன். வகையை எழுதுவோம், அளவை எழுதுவோம். எங்கள் அறிக்கைப் படிவத்தில் அந்த இரண்டுக்கும்தான் இடம் உண்டு. எதிர்ப்பொருள் என்றால் அதற்கு ஓர் இலக்கு இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று அந்த இலக்கு என் கண்முன் ரவையாகத் திரண்டிருந்தது.

கோல்டு அக்ளூட்டினின் நோயில் பெரும்பாலும் இலக்கு, சிவப்பணுவின் மேல் இருக்கும் 'ஐ' என்னும் சர்க்கரைச் சங்கிலி. பெரியவர்களின் சிவப்பணுக்களில் அது நிறைய. பிறந்த குழந்தைக்கு மிகக் குறைவு. அந்த அம்மாவின் சீரத்தை ரத்த வங்கியில் தொப்புள்கொடி ரத்தத்தோடு கலந்தபோது திரள்வது வெகுவாகக் குறைந்ததைப் பார்த்தேன். வேலைக்கு வந்த பின் நான் கண்ட மிக அழகான சோதனை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

இந்த எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்கள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் ஒரே மரபணுத் துண்டை, ஐ.ஜி.எச்.வி.4-34-ஐ, பயன்படுத்துகின்றன. ஊர் வேறு, வயது வேறு, துண்டு மட்டும் ஒன்று. தற்செயலாக இப்படி அமையாது. இலக்குதான் அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு கிருமி என்றால் வரும், போகும். சிவப்பணு எங்கே போகும்? தன் இலக்கை ஓயாமல் சந்திக்கும் செல் ஓயாமல் பிளக்கத் தூண்டப்படலாம். ஒவ்வொரு பிளவிலும் மரபணுவில் பிழை நேர வாய்ப்பு உண்டு. 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் கோல்டு அக்ளூட்டினின் நோய் பி செல் நோய்களுள் தனி நோயாகச் சேர்க்கப்பட்டது.

பி செல் புற்றுகளில், தூண்டுவதை நீக்கினால் புற்று பின்வாங்குமா? சில இடங்களில் பின்வாங்கியிருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றோடு மண்ணீரலில் லிம்போமா என்னும் பி செல் புற்றும் இருந்த 9 பேருக்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் வைரஸை ஒடுக்கும் இன்டர்பெரான் கொடுத்ததை 2002-இல் வெளியிட்டார்கள். வைரஸ் மறைந்த 7 பேருக்குப் புற்றும் மறைந்தது. அதே லிம்போமா இருந்தும் வைரஸ் இல்லாத 6 பேருக்கு அதே மருந்தைக் கொடுத்தும் ஒருவருக்கும் பலன் இல்லை. அந்த 6 பேர்தான் என்னை நம்ப வைத்தார்கள். இரைப்பையில் வரும் மால்ட் என்னும் வகை லிம்போமா, ஹெலிகோபாக்டர் கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழித்ததும் சுருங்கியதை லண்டனில் 1993-லேயே காட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே புற்றுச் செல்லின் எதிர்ப்பொருள் பெரும்பாலும் கிருமியைக் குறிவைப்பதில்லை. கிருமியால் விழித்த டி செல்கள் என்னும் வேறு வெள்ளணுக்கள் புற்றுச் செல்லுக்குத் துணை நிற்கின்றன. இலக்கு என்ற சொல்லை நேர்க்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதைப் படித்தபோது புரிந்தது.

எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் புற்றாகும் மைலோமாவில்தான் என் மனம் அதிகம் தங்குகிறது, நான் பார்க்கும் பட்டைகளில் பல அந்த வழியில் வருபவை என்பதால். கோஷே என்னும் பரம்பரை நோயில் உடலில் தேங்கும் ஒரு கொழுப்புப் பொருளையே அந்த நோயாளிகளின் பட்டை எதிர்ப்பொருள் குறிவைப்பதை 2016-இல் கண்டறிந்தார்கள். அந்த நோய் இல்லாதவர்களின் பட்டைகளிலும் மூன்றில் ஒரு பங்கு அத்தகைய கொழுப்புகளையே பிடித்தது. இந்தச் செய்தியை வாசித்த அன்று, ஜெல்லில் வரிசையாகக் கிடந்த பட்டைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு, பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைக் கொடுத்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் வரும். வார்டு செவிலியர் பிளாஸ்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறி வருவார். "குன்னூர் அம்மா" என்று மட்டும் சொல்வார். நான் சென்ட்ரிபியூஜை முன்பே சூடாக்கி வைத்திருப்பேன்.