பார்க்கிங்கில் நின்ற காருக்கு விழுந்த அடி

சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று சொந்தத்திலும் நட்பிலும் அவ்வப்போது போன் வருகிறது. எனக்கு அது நடந்தது, இடித்தவரிடமிருந்தே செலவும் வந்தது என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசுவதற்கு எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரோட்டைவிட பார்க்கிங்தான் ஆபத்து என்பது என் கட்சி. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று எங்கே போனாலும் ரோடு குறுகல். அதனாலேயே எல்லோரும் பைய ஓட்டுவார்கள், முறைத்துக்கொண்டாவது வழி விடுவார்கள். பார்க்கிங்குக்குள் நுழைந்ததும் அந்த ஜாக்கிரதை போய்விடும். ஒரு கையில் போன், பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை, டிக்கியில் அரிசி மூட்டை. கோடு போட்ட காலத்தில் வந்தவை சின்னக் கார்கள். இப்போது வந்து நிற்பதெல்லாம் எஸ்.யூ.வி. இரண்டுக்கும் நடுவே கதவைத் திறக்க ஒரு சாண் இடம் இருந்தால் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் நேரத்திலும், ஓணத்துக்கு முந்தைய வாரத்திலும் போய்ப் பார்த்தால் புரியும்.

எனக்கு அடி விழுந்ததும் அப்படி ஓர் ஓண வாரத்தில்தான். நாகர்கோவிலில் ஒரு சூப்பர் மார்க்கெட். சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். "இங்க பாருங்க, இது என்னது?" என்றாள் மனைவி. இடதுபக்கப் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். அங்கிருந்து பின்சக்கரத்துக்கு மேலே வரை இழுத்த கோடு. கோட்டுக்குள் வெள்ளை பெயின்ட் ஒட்டியிருந்தது. என் வண்டி சாம்பல் நிறம். பக்கத்து இடம் காலி.

அந்த நேரத்தில் யாரையாவது பிடித்துக் கத்தத்தான் தோன்றும். கைக்குக் கிடைப்பது செக்யூரிட்டி. தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். சம்பளம் குறைவு, வெயிலில் நிற்கிற வேலை, அதைவிட முக்கியமாக, நமக்குச் சாட்சி என்று ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். அன்று இருந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். "சாரே, நான் கேட்டுப் பக்கம் நிண்ணேன். டமார்னு சத்தம் கேட்டுது. ஒரு வெள்ள வண்டி ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தது. நீங்க வண்டிய எடுத்துராதீங்க, மேனேஜரக் கூப்பிடுகேன்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வண்டியை நகர்த்தும் முன் படம் எடுக்க வேண்டும்: கோட்டுக்குள் நம் வண்டி நேராக நிற்பது தெரிகிற மாதிரி தூரத்தில் ஒன்று, அடிபட்ட இடம் கிட்டத்தில் ஒன்று, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அடி என்பது தெரிய ஒன்று. இந்தக் கடைசிப் படம் பின்னால் ரொம்ப உதவியது. இடித்த வண்டியின் பம்பர் உயரமும் என் கதவின் பள்ளமும் ஒத்துப்போனது அதில்தான் தெரிந்தது.

மேனேஜர் மரியாதையான பையன். ஆனால் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்: வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு. இந்தப் போர்டைப் பற்றிப் பிறகு ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 2019இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வேலட் பார்க்கிங்குக்கு என்று சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டல், கார் திருடு போனதும் இப்படி ஒரு வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பானது. ஆனால் அங்கே சாவியும் வண்டியும் ஹோட்டலின் கையில் இருந்தன. சாவி நம் பையிலேயே இருக்கும் இலவச பார்க்கிங்குக்கு அதை அப்படியே இழுத்து நீட்ட முடியாது என்றார். ஆகவே கடைமீது பாய்வதால் பெரிய பயன் இல்லை. கடையிடமிருந்து நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கேமரா பதிவு.

அதைத் தர மாட்டேன் என்றார் மேனேஜர், போலீஸ் கேட்டால்தான் தருவோம் என்று. சரி, தர வேண்டாம், அழிந்துபோகாமல் எடுத்து வைத்தால் போதும் என்றேன். இந்த டி.வி.ஆர். பெட்டிகளில் இடம் நிறைந்ததும் பழையதன்மீதே புதியது பதிந்துகொண்டு போகும். கடைக்குக் கடை நாள் கணக்கு மாறும். அவர்களிடம் பத்துப் பதினைந்து நாள்தான் நிற்குமாம். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, நாள், நேரம், என் வண்டி எண், இன்ன நேரத்துப் பதிவைப் பத்திரப்படுத்தித் தரவும் என்று எழுதி, நகலில் கடை முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எழுத்தில் கொடுத்ததும் அவர் கொஞ்சம் இளகி, ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். பார்க்கிங் கேமராவில் இடிப்பது தெரிந்தது, நம்பர் பிளேட் வெயில் பட்டு வெறும் வெள்ளையாக இருந்தது. வெளியே போகிற கேட் கேமராவில்தான் நம்பர் தெளிவாகக் கிடைத்தது. டி.என். 75, மார்த்தாண்டம் வண்டி. திரையில் எனக்கு மறக்காத ஒன்று: இடித்ததும் அந்தக் கார் நின்றது, பிரேக் லைட் எரிந்தது, யாரும் இறங்கவில்லை, பிறகு அப்படியே போய்விட்டது.

நம்பரை அரசாங்கத்தின் பரிவாஹன் செயலியில் போட்டால் வண்டி என்ன மாடல், இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயர் பாதி நட்சத்திரக் குறியாகத்தான் வரும், அது நல்லதுதான். நேராக வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவது நம் வேலை இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா என்று எல்லோரும் தயங்குகிற இடம் இது. போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டுமல்ல, பிறர் பொருளுக்குச் சேதம் ஏற்பட்டாலும் டிரைவருக்குக் கடமை உண்டு என்கிறது. பக்கத்தில் போலீஸ்காரர் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். மனுவில் அந்தப் பிரிவையும் எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எஃப்.ஐ.ஆர். எல்லாம் போடவில்லை, சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது தந்தார்கள். இந்த அளவு அடிக்கு அது போதும். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் அந்தப் பக்கம் பேச்சே மாறிவிடும்.

இடித்தவர்கள் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் நான் இன்சூரன்ஸ் கணக்கைப் போட்டு வைத்திருந்தேன். இதைத்தான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு பேனலுக்கும் சேர்த்து 18,500 ரூபாய் எஸ்டிமேட். என் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், தள்ளுபடிக்கு முன் சுமார் 12,000. கிளெய்ம் போடாத வருடங்களுக்காக அதில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 45 சதவீதத்தில் இருந்தது, அடுத்த வருடம் 50 ஆக வேண்டியது. கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு விழும், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். ஒவ்வொரு வருடமும் 50க்கு எவ்வளவு குறைகிறது என்று கூட்டினால் 12,000இல் 125 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். வண்டி மதிப்பு வருடாவருடம் இறங்குவதால் பிரீமியமும் கொஞ்சம் இறங்கும் என்று வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கு மேல் 1500 சி.சி. வரையிலான காருக்கு நம் கையிலிருந்து 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடுக்காதவர்களுக்கு பெயின்ட் பொருளில் பாதி, பிளாஸ்டிக்கில் பாதி தேய்மானம் என்று கழிப்பார்கள். கிளெய்ம் போட்டு மிஞ்சுவது இரண்டாயிரத்துச் சொச்சம், தேய்மானம் கழித்தால் அதுவும் குறையும், இழப்பது நிம்மதி. வண்டி பெரிதாக நொறுங்கினால் வேறு கணக்கு. கதவுப் பள்ளத்துக்கு இன்சூரன்ஸைத் தொடக்கூடாது.

இடித்தவரின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். வாங்கலாம், பிறர் சொத்துக்கு 7.5 லட்சம் வரை அதில் இடம் உண்டு. ஆனால் அதற்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஒரு கதவுக்காகக் கோர்ட் வாசலில் வாய்தா வாங்க எனக்குத் தெம்பில்லை.

வந்தவர்கள் ஒரு கல்லூரிப் பையனும் அவன் அப்பாவும். வண்டி மாமாவுடையது, மாமா சவூதியில். பையன், "பாட்டு போட்டிருந்தேன் சார், தெரியல" என்று ஆரம்பித்தான். எஸ்.ஐ. போனில் இருந்த பிரேக் லைட் காட்சியைக் காட்டினார். அப்பா பையனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, தப்பு நம்ம பேர்லதான். என்ன ஆகும்ணு சொல்லுங்க, செஞ்சிருவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் பாதி போய்விட்டது. பையனைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது. மாமாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலைதான் அவன் முகத்தில் முழுக்க.

சர்வீஸ் சென்டர் வேண்டாம், நல்ல டிங்கரிங் பட்டறையில் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டோம். டச்சப் பண்ணிவிடலாம் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம், கடற்காற்று. கேட், கிரில், சைக்கிள் எதுவும் துருவுக்குத் தப்பாது. தகடு தெரிகிற அளவு கீறல் விழுந்து அதன்மேல் சும்மா பெயின்ட் தடவினால் உப்பு உள்ளே இருந்து வேலையைக் காட்டும். கொஞ்ச மாதத்தில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பும். தகடுவரை தேய்த்து, பிரைமர் அடித்து, பூத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்றேன். 9,000 ரூபாய் ஆனது, அவர் பட்டறைக்கே நேராக ஜீபேயில் போட்டார். ஸ்டேஷனில் சமாதானமாகப் போகிறோம் என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நகல் என்னிடம் இருக்கிறது.

பட்டறைக்காரர் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிப் பெருவிரலால் தடவி, எங்கே மடிந்திருக்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். உள்பக்க அட்டையைக் கழற்றி, பின்னாலிருந்து தட்டித் தட்டி எடுத்தார். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு சின்ன காந்தத்தை எடுத்துக் கையில் கொடுத்து, முடிந்ததும் நீங்களே ஒட்டிப் பாருங்கள் என்றார். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. என் கதவில் பிடித்தது. வேலை எடுக்கும்போது இதை நீங்களும் செய்யலாம். நிறத்துக்குக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயின்ட்டின் குறியீட்டு எண் இருக்கும், ஆனால் வெயிலில் வெளுத்த பழைய பெயின்ட்டோடு அந்த எண்ணின் நிறம் அப்படியே சேராது. மெட்டாலிக் என்றால் இன்னும் மோசம். அதனால் பக்கத்துப் பேனலுக்குள்ளும் கொஞ்சம் மங்கலாக இழுத்து, மேலே கிளியர் கோட் அடித்தார்.

அதன்பிறகு ஓரத்து இடம், தூண் பக்கம் என்று தேடித்தான் நிறுத்துகிறேன். தூண் நம்மை இடிக்காது. தள்ளுவண்டி அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதில்லை, எல் போர்டு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவதில்லை. இவ்வளவு தூரம் நடக்க வைக்கிறீங்களே என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. பார்க்கிங்கிலும் பதிவு செய்யும் டாஷ்கேம் ஒன்று விலை பார்த்து வைத்திருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு பேட்டரி வைத்தது உப்பிவிடும், கெபாசிட்டர் வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். இந்த வருடம் பாலிசி புதுப்பித்தபோது போனஸ் 50 சதவீதம் வந்தது. மிச்சமான அந்தக் காசில் கேமராவுக்கு முக்கால்வாசி ஆகும்.