1793: பீரங்கிகளை எண்ணிக் காத்த நடுநிலை

அமெரிக்காவின் நடுநிலைக் கொள்கை என்றதும் பலரும் 1796-இல் அதிபர் வாஷிங்டன் வெளியிட்ட பிரியாவிடை உரைக்குத்தான் போவார்கள். அதில் சொன்ன அறிவுரைகள் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டவை. அந்தக் கொள்கைக்கு உருவம் கிடைத்தது 1793 கோடையில், துறைமுகங்களில். எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி, எப்போது ஏற்றியது, மாலுமிகள் எந்த நாட்டவர் என்று பார்த்துப் பார்த்து உருவாக்கிய கொள்கை அது.

1793 பிப்ரவரி 1 அன்று பிரான்ஸ் பிரிட்டன்மீது போர் அறிவித்தது. அமெரிக்காவின் கையைக் கட்டியிருந்தவை 1778-இல் பிரான்சுடன் செய்த இரண்டு ஒப்பந்தங்கள். கூட்டணி ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவு, அமெரிக்கக் கண்டத்தில் பிரான்சுக்கு இருந்த உடைமைகளைக் காக்க உறுதி அளித்தது. வணிக ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவு, பிரெஞ்சுக் கப்பல்கள் தாங்கள் பிடித்த எதிரிக் கப்பல்களை அமெரிக்கத் துறைமுகங்களுக்குக் கொண்டுவர அனுமதித்தது. பிரான்சின் எதிரிகளுக்கு அந்த வசதி கிடையாது. மறுபக்கம், மத்திய அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இறக்குமதி வரி. இறக்குமதியில் பெரும்பங்கு பிரிட்டிஷ் சரக்கு. அமெரிக்க மண்ணிலிருந்த டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளை பிரிட்டிஷார் இன்னும் காலி செய்யவில்லை. கடற்படை என்று ஒன்றே இல்லை. கடைசிக் கப்பலையும் 1785-இல் விற்றாயிற்று.

ஏப்ரல் 22 அன்று வாஷிங்டனின் அறிவிக்கை வந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃப் எழுதிய அந்தச் சிறிய வாசகத்தில், வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் வற்புறுத்தியபடி, 'நடுநிலை' என்ற சொல்லே இல்லை. போரிடும் நாடுகளிடம் நட்பும் பாரபட்சமின்மையும் காட்ட வேண்டும், மீறும் குடிமக்கள்மீது வழக்குத் தொடரப்படும் என்பதே சாரம். எந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு? நாடாளுமன்றம் அப்படி எதுவும் இயற்றியிருக்கவில்லை. பிரெஞ்சுத் தரப்புக் கப்பலில் வேலை செய்த கிடியன் ஹென்ஃபீல்டு என்ற அமெரிக்க மாலுமியை ஜூலையில் விசாரித்தார்கள். ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். அறிவிக்கையின் பலவீனம் அன்றே வெளிப்பட்டது.

அறிவிக்கைக்கு இரு வாரம் முன்பே, ஏப்ரல் 8 அன்று, பிரெஞ்சுத் தூதர் எட்மண்ட் ஜெனே தெற்குத் துறைமுகமான சார்ல்ஸ்டனில் இறங்கியிருந்தார். அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்கு வந்து தம் நியமனக் கடிதத்தைக் கொடுப்பதற்குள், தனியார் கப்பல்களுக்குப் போர் உரிமம் வழங்கிவிட்டார். எதிரி வணிகக் கப்பலைப் பிடித்து, விற்ற பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் தொழில் அது. பிடித்த கப்பல்களுக்குத் தீர்ப்பு வழங்க பிரெஞ்சுத் துணைத்தூதர்களே அமெரிக்க மண்ணில் தனி நீதிமன்றம் நடத்தினார்கள். 1794 பிப்ரவரியில், 'பெட்ஸி' என்ற கப்பல் வழக்கில், உச்ச நீதிமன்றம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'லிட்டில் சாரா' விவகாரம். பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்துக் கொண்டுவந்த இந்த பிரிட்டிஷ் கப்பலை, ஜூலையில் பிலடெல்பியாவிலேயே, அரசின் கண்ணெதிரே, 'பெதித் தெமொக்ராத்' என்று பெயர் மாற்றித் தனியார் போர்க்கப்பலாக்கினார்கள். பிடிபட்டபோது நான்கு பீரங்கி; இப்போது பதினான்கு. ஜெஃபர்சன் நேரில் கேட்டபோது, கப்பல் ஆற்றில் சற்றுக் கீழே நகரும், உடனே கடலுக்குப் போகாது என்ற பொருள்பட ஜெனே பேசினார். நிதி அமைச்சர் ஹாமில்டனும் போர் அமைச்சர் நாக்ஸும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள மட் தீவில் பீரங்கி வைத்துத் தடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு குண்டு போதும் போரில் இழுத்துவிட என்று ஜெஃபர்சன் மறுத்தார். கப்பல் செஸ்டருக்கு நகர்ந்தது, பிறகு கடலுக்கே போய்விட்டது. ஜெஃபர்சன் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனாலும் எது கூடும், எது கூடாது என்ற வரையறை முன்கூட்டியே இருந்திருந்தால் பதினான்காவது பீரங்கி வரை விட்டிருக்க மாட்டார்கள்.

வரையறை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு 29 கேள்விகள் போயின. வழக்கு இல்லாமல் ஆலோசனை சொல்ல முடியாது என்று நீதிபதிகள் ஆகஸ்ட் 8 அன்று மறுத்தார்கள். அதற்குள், ஆகஸ்ட் 3 அன்றே, அமைச்சரவை எட்டு விதிகளைத் தானே வகுத்துவிட்டது. அமெரிக்க வெளியுறவு வரலாற்றில் இவற்றுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

விதிகளின் அடிப்படை, பொருளின் பயன்பாடு. போருக்கென்றே ஒரு கப்பலை முதன்முதலாக ஆயுதம் பூட்டித் தயாரிப்பது யாருக்கும் கூடாது. வணிகக் கப்பலுக்கு வணிகத்துக்குத் தேவையானதைச் செய்துகொள்ளலாம். சிக்கல் நடுவில்: பாய்மரமும் கயிறும் சரக்குக் கப்பலுக்கும் வேண்டும், போர்க்கப்பலுக்கும் வேண்டும். இப்படி இரண்டுக்கும் பொதுவானவற்றை அனுமதித்தார்கள். போருக்கு மட்டுமே பயன்படுபவற்றைத் தடுத்தார்கள். பிரான்சின் எதிரிகளுடைய தனியார் போர்க்கப்பல்களுக்கு மட்டும் எந்த வசதியும் இல்லை, ஏனென்றால் 1778 ஒப்பந்தம் அப்படி. ஆக, நடுநிலை என்பது இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்கவில்லை. பழைய வாக்கை மீறாமல் எவ்வளவு சமமாக நடக்க முடியுமோ அவ்வளவே.

விதிகள் வகுத்த மறுநாள் ஹாமில்டன் சுங்க அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். துறைமுகக் கப்பல்களைக் கவனியுங்கள், மீறல் தெரிந்தால் ஆளுநருக்கும் அரசு வழக்கறிஞருக்கும் உடனே தெரிவியுங்கள் என்றார். போர்த் தளவாடங்களை அமெரிக்காவில் எவரும் வாங்கலாம். ஆனால் அமெரிக்கர் அதை ஏற்றிப்போய் மாட்டிக்கொண்டால் அரசு காப்பாற்ற வராது. நவம்பர் 8 அன்று கடல் எல்லையும் தற்காலிகமாக முடிவானது: கரையிலிருந்து மூன்று கடல் மைல். பீரங்கிக் குண்டு எட்டும் தூரமாக அந்தக் காலத்தில் வழக்கமாகச் சொல்லப்பட்டது அதுதான்.

1794 ஜூன் 5 அன்று எல்லாம் சட்டமானது. அந்நிய நாட்டுக்காகக் கப்பலுக்கு ஆயுதம் பூட்டினால் 5,000 டாலர் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, கப்பலும் பறிமுதல். கப்பலின் மதிப்பில் பாதி, தகவல் சொன்னவருக்கு! ஹென்ஃபீல்டு வழக்கில் ஏற்பட்ட ஓட்டை இப்படி அடைபட்டது.

தன் துறைமுகத்தை ஒழுங்காக வைத்திருப்பது பாதி வேலைதான். 1793 நவம்பர் 6 ஆணையின்படி, பிரெஞ்சுக் காலனிகளோடு வணிகம் செய்த கப்பல்களை பிரிட்டன் பிடிக்கத் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் ஏறக்குறைய 250 அமெரிக்கக் கப்பல்கள் சிக்கின. நடுநிலையை மதிக்கவைக்கக் கடற்படை இல்லாத நாடு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ஜேயை லண்டனுக்கு அனுப்பியது. 1794 நவம்பர் 19 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான அவருடைய ஒப்பந்தம் உள்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 20-க்கு 10 என்ற கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு வாக்குகூட மிச்சமில்லாமல் செனட்டைக் கடந்தது. (அதன் 13-ஆவது பிரிவால்தான் பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்கு ஒப்பந்தப்படி திறந்தன, சென்னையும் அவற்றில் ஒன்று.)

ஜே ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு இழப்பீட்டுக்கானது. இரு தரப்புக்கும் பொருந்தும். அமெரிக்காவில் சட்டவிரோதமாக ஆயுதம் பூட்டிய கப்பல்கள், 1793 ஜூன் 5-க்கும் ஆகஸ்ட் 7-க்கும் இடையில் பிடித்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஈடு கொடுப்பதாக ஜெஃபர்சன் ஏற்கெனவே அதே ஆண்டு செப்டம்பரில் எழுதிக்கொடுத்திருந்தார். லண்டனில் கூடிய ஆணையம் 1804 வரை கணக்குப் பார்த்தது. காவல் தவறியதற்காக பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது சுமார் 1,43,000 டாலர். கடலில் பறிகொடுத்த அமெரிக்க வணிகர்களுக்கு பிரிட்டன் கொடுத்தது ஒரு கோடி டாலருக்கும் மேல்.