நூறு வருஷம் கைமாறாத நிலம்

கூட வேலை பார்க்கும் தோழியின் அப்பாவுக்கு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில், வில்மர் ஊர்ப் பக்கம் நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார். போன ஞாயிறு காலையில் அங்கே போயிருந்தேன். ரோட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் புதுப் பலகை நட்டிருந்தார்கள்: நூற்றாண்டுப் பண்ணை.

மினசோட்டாவில் 1976-லிருந்து இந்த மரியாதை உண்டு. நூறு வருஷமாவது நிலம் ஒரே குடும்பத்தின் பேரில் தொடர்ந்து இருக்க வேண்டும். குறைந்தது 50 ஏக்கர், எங்கள் தஞ்சாவூர்க் கணக்கில் ஏழரை வேலி. பலகையோடு கவர்னர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும் வரும். இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவருகிறவர்.

சான்றிதழைச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தார். எனக்குக் காட்டக் கழற்றும்போது, கையை பேண்ட்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டுதான் அந்த ஃபிரேமைத் தொட்டார். விண்ணப்பத்துக்காகத் தேடியெடுத்த பழைய பத்திரங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1851 ஒப்பந்தத்தில் கைமாறும் வரை இது டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். அதைப் பலகை சொல்லாது, ஆனால் அவரே சொன்னார்.

அங்கிருந்தே என் அப்பாவுக்கு போன் போட்டேன். ஊரில் ராத்திரி எட்டு மணி. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நூறு வருஷமா கைமாறவே இல்லையா? நடுவுல கடனே வாங்கலையாம்மா?"

எங்கள் நிலத்தில் பாதி கடனுக்காகப் போனது. அப்பாவுக்கு வேறு எதைக் கேட்கத் தோன்றும்?

பெரியவரிடம் அதையே கேட்டேன். அவர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அவருடைய பாட்டி எழுதிய கணக்கு, 1933. பென்சில் எழுத்து மங்கிப்போய், ஜன்னல் பக்கம் சாய்த்தால்தான் தெரிகிறது. விளைந்ததற்கு விலை இல்லை. பால் கூட்டுறவுக்குக் கிரீம் ஊற்றி வந்த காசில்தான் வீடு ஓடியிருக்கிறது. பண்ணை அடமானத்தில் இருந்ததாம்.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கவர்னர் ஃபிளாய்ட் ஓல்சன், அடமான ஏலங்களை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். ஏப்ரலில் சட்டமே வந்துவிட்டது. நியாயமான வாடகை போல ஒரு தொகையைக் கட்டிக்கொண்டு, அடமானத்தை மீட்க நீதிமன்றத்தில் கூடுதல் அவகாசம் வாங்கலாம். கடன் கொடுத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மினியாபொலிஸில் ஒரு வீட்டைப் பற்றிய வழக்கு அது. 1934 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்று சட்டம் தப்பியது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் எத்தனை பண்ணைகள் ஏலத்துக்குப் போயிருக்கும்!

சுவரில் இருக்கும் கையெழுத்து அழகுதான். பெரியவரின் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் விவசாயத்தை மதித்துப் போட்ட கையெழுத்து என்று நான் முதலில் சொல்வது 1933-ல் போட்டதைத்தான். ஏலம் நெருங்கும்போது கிடைக்கும் அவகாசம் எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

போனில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த உத்தரவு போட்டவர் பேரு என்னன்னு சொன்னே?" என்றார்.

"ஓல்சன்ப்பா. ஃபிளாய்ட் ஓல்சன்."

"ஓல்சன்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.